பம்புக்குத் தீபாராதனை

காவேரித் தண்ணீரில் நோய்க்கிருமி வாழ முடியாது என்பதை விஞ்ஞான முறைப்படி முதன்முதலாக நிரூபித்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் நிரூபித்துத்தான் ஆகவேண்டும். அந்த வருஷம் வேறு யாருக்கும் நேரமில்லை.

சோதனை ஓடத்துறையில் நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். புதுவெள்ளம் காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கரையில் நின்று ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தோம். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தேன்; நான்கு பேரும் இருந்தோம். ஒருவனுக்கு மட்டும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு விடுதியின் கத்திரிக்காய்க் கூட்டைப் பொறுப்பாக்கினேன். முடிவுகளை அட்டவணை போட்டு எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் புனைபெயரில் வெளியிட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வெந்நீர்க்காரர்களை எல்லாம் பிடித்து ஒரு தீவில் குடியேற்ற வேண்டும் என்றும், ஸ்ரீரங்கம் ஏற்கெனவே தீவாக இருப்பதால் அரசாங்கத்துக்குச் சிரமமில்லை என்றும் கடைசிப் பத்தியில் யோசனை சொல்லியிருந்தேன். பத்திரிகையின் மூன்று பிரதிகளும் கை மாறி மாறிக் கிழிந்தே போயின. எந்த விஞ்ஞானிக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

என் பெயர் ஜெகபர் சாதிக். பி.எஸ்சி. விலங்கியல், இறுதியாண்டு. பெரிய கடைவீதியில் அத்தாவுக்குப் பூட்டுக் கடை. மார்கழி விடுமுறை தொடங்கிய அன்றே அத்தா என்னைக் கூப்பிட்டார்.

"லீவு முச்சூடும் நீ வீட்ல கிடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். எங்கியாச்சும் வேலைக்குப் போ. சம்பளம் குடுக்கலைன்னாலும் பரவால்ல."

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். கூட்டத்தோடு காலராவும் வந்துவிடுமோ என்று சுகாதார அதிகாரிகள் ஒவ்வொரு வருஷமும் பயப்படுவார்கள். அந்த வருஷம் பயம் கொஞ்சம் கூடுதல். ஒரு சத்திரத்தின் பின்கட்டு அறையில் தற்காலிகமாகத் தண்ணீர்ச் சோதனைக் கூடம் திறந்திருந்தார்கள். குழாய், கிணறு, அடிபம்பு எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் பிடித்துக் கொண்டுவர ஆள் வேண்டும். என்னை நேர்முகம் கண்டவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சைக்கிள் ஓட்டுவியா?"

கூடத்தின் பொறுப்பு பாக்கியமேரி என்ற அம்மையாரிடம் இருந்தது. முப்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. சிரிப்பதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பது போன்ற முகம். அவர் முன்னால் மரத்தாங்கியில் வரிசையாகக் கண்ணாடி டியூப்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ஒரு திரவம். அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு குட்டி டியூப்.

"இது என்ன மேடம் குழம்பு?"

"சர்க்கரை, பித்த உப்பு, சாயம். குடல்ல வாழுற கிருமி தண்ணில இருந்தா இந்தச் சர்க்கரையத் தின்னும். தின்னா ஊதா மஞ்சளாகும். உள்ள கவுத்து வச்சிருக்க சின்ன டியூப்ல காத்துக் குமிழி கட்டும். ரெண்டு நாள் சூட்டுப் பெட்டில வச்சிருந்து அந்தக் குமிழியத்தான் தேடுறோம்."

"ஆக, கிருமிக்கு வாயுத்தொல்லை."

அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கிருமிதான் டைபாய்டு, காலராவா மேடம்?"

"இல்ல. அது இருந்தா கக்கூஸ்லேர்ந்து தண்ணிக்கு வழி இருக்குன்னு அர்த்தம். கதவு திறந்து கிடக்குன்னு தெரிஞ்சா போதாதா? திருடன் உள்ள வந்து பேரு சொல்ற வரைக்கும் காத்திருப்பியா, பி.எஸ்சி.?"

அன்றிலிருந்து என் பெயர் பி.எஸ்சி. ஆகிவிட்டது.

தண்ணீர் பிடிப்பதைக் காட்டிக் கொடுக்க முதல் நாள் அவரே என்னோடு வந்தார். தெருக்குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பாக்கியமேரி குழாயைத் திறந்து நீரைச் சற்று நேரம் ஓடவிட்டு மூடினார். இடுக்கியில் ஒரு பஞ்சுருண்டையைப் பிடித்து ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தினார். அந்தச் சுடரைக் குழாயின் வாயைச் சுற்றிக் காட்டினார், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

வரிசையில் முதலில் நின்ற பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவளும் ஒற்றிக்கொண்டாள். மூன்றாமவள் தன் தலையிலிருந்து ஒரு துளசிக் கொத்தை எடுத்துக் குழாயின் மேல் வைத்தாள்.

"அம்மா, இது பூசை இல்லைங்க. வாயில ஒட்டியிருக்க கிருமியச் சுடுறோம்."

"எதுக்குக் காட்டினா என்னம்மா? தீபம் தீபம்தானே."

நான் பாக்கியமேரியின் காதருகே போய், "மந்திரம் எப்போ மேடம்?" என்றேன்.

"பாட்டில் மூடி திறந்திருக்கறப்போ வாயத் திறக்கக்கூடாது. எச்சி தெறிக்கும். அதான் மந்திரம்." பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "பாட்டில் வேகவச்சுச் சுத்தம் பண்ணினது. உள்ள விரல் படக்கூடாது. என்ன ஆனாலும் கழுவக்கூடாது."

அன்று மாலை என் நோட்டுப் புத்தகத்தில் அடுத்த இதழுக்கான கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். 'குழாய்ப் பட்டர்' என்று தலைப்பு; ஸ்ரீரங்கத்தில் கோயில் அர்ச்சகரைப் பட்டர் என்பார்கள். கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் ஸ்ரீரங்கத்துக் குழாய்களுக்குத் தீபாராதனை செய்வதையும், பக்தகோடிகள் மெய்ம்மறந்து நிற்பதையும், பிரசாதமாக ஒரு பாட்டில் தண்ணீர் வழங்கப்படுவதையும் விரிவாக வர்ணித்திருந்தேன். ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் தனியாகப் போன முதல் இடம் பவுனம்மாள் மெஸ். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஓட்டு வீடு. கல்லூரிப் பையன்கள் பன்னிரண்டு பேர் மாதக் கணக்கில் சாப்பிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் டைபாய்டு என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதனால்தான் பட்டியலில் அந்த மெஸ்ஸுக்கு முதலிடம். உணவு விடுதி ஒவ்வொன்றும் தண்ணீர் நல்லது என்ற சான்று அட்டையை வாசலில் மாட்ட வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ஏகாதசிக்குக் கதவு திறக்கக்கூடாது என்று உத்தரவு. ஏகாதசிக்குப் பத்து நாள் இருந்தது.

பவுனம்மாள் ஐம்பது வயதுக்காரி. கையில் கரண்டியோடு வந்தாள்.

"நீங்கதான் பூச்சி புடிக்கிற தம்பியா?"

"தண்ணி புடிக்கிறவன்க்கா."

"மொதல்ல சாப்பிட்டுட்டுப் புடிங்க. பசியோட புடிச்சா தப்பாத் தெரியும்."

நான்கு இட்லி தின்றேன். பிறகு கொல்லைப்புறத்து அடிபம்பருகே போனேன். மெஸ்ஸில் பரிமாறும் காத்தான் கைப்பிடியை அடித்தான். தண்ணீர் கொட்டியது. பாட்டிலின் மூடியைத் திறந்தேன். கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் குலுக்கிக் கொட்டினேன். இன்னொரு முறை. இன்னொரு முறை. பாத்திரத்தை அலம்பாமல் தண்ணீர் பிடிப்பவனை எங்கள் தெருவில் மனிதனாகவே சேர்ப்பதில்லை. பாட்டிலின் வாயைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தேன். அந்தக் கைக்குட்டை அன்று காலையிலிருந்து என் கழுத்தையும், சைக்கிள் செயினையும், சற்றுமுன் தேங்காய்ச் சட்னியையும் துடைத்திருந்தது. ஸ்பிரிட்டும் பஞ்சும் பையிலேயே இருந்தன. பி.எஸ்சி. படிக்கிறவன் நாலு பேர் எதிரே பம்புக்குச் சூடம் காட்டுவதா?

பவுனம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "பரவால்லியே. பாய் வீட்டுப் பிள்ளை என்ன சுத்தமா அலம்பறாரு பாருடா காத்தான்."

இரண்டாம் நாள் ஐந்து டியூப்பும் எலுமிச்சை நிறத்துக்கு மாறியிருந்தன. ஐந்திலும் குமிழி. அதிகாரி ஒருவர் போய், 'குடிக்கத் தகாதது' என்று சிவப்பில் எழுதிய தகரத்தைப் பம்பில் கட்டிவிட்டு வந்தார்.

ஒரு மணி நேரத்தில் பவுனம்மாள் சத்திரத்து வாசலில் நின்றாள். கரண்டி இல்லை. அது இல்லாமல் அவள் ஏதோ குட்டையாகத் தெரிந்தாள்.

"தம்பி, என் பம்புல பூச்சின்னு எழுதினது நீங்களா?"

"நான் எழுதலைக்கா. டியூப் காட்டினதை..."

"என் வீட்டு இட்லியத் தின்னுட்டுத்தானே போனீங்க? பூச்சி இருந்தா நீங்க இப்படி நிப்பீங்களா?"

ஓடத்துறையில் நான் கையாண்ட அதே விஞ்ஞான முறை.

அவள் பாக்கியமேரியிடம் திரும்பினாள். "ஏகாதசி கூட்டத்துக்குச் சோறு போட்டுத்தாம்மா என் வருஷமே ஓடுது. அட்டை இல்லைன்னா நான் கதவ மூடணும். ஒரு தரம் மூடினா அப்புறம் யாரு வருவா? ரெண்டு புள்ளைங்க ஆஸ்பத்திரில கிடக்குதுன்னு ஏற்கெனவே தெருவே பேசுது. இன்னொரு வாட்டி பாக்கக்கூடாதா?"

பாக்கியமேரி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டிலக் கழுவினியா?"

"கழுவாம யாரு மேடம் தண்ணி புடிப்பா?"

"தீ காட்டினியா?"

நான் சூட்டுப் பெட்டியைப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

"மூணு தரம் அலம்பினாரும்மா," என்றாள் பவுனம்மாள் எனக்குச் சாதகமாக. "கைக்குட்டை போட்டுத் துடைச்சாரு. அவரைக் குத்தம் சொல்லாதீங்க."

பாக்கியமேரி கண்ணை மூடித் திறந்தார். "நாளைக்குக் காலைல நானே வரேன்" என்றார் அவளிடம்.

மறுநாள் நான் பெட்டி சுமக்கும் ஆளாக மட்டும் போனேன். அவர் பம்பை ஐந்து நிமிஷம் அடிக்கச் சொன்னார். சுடர் காட்டினார். காத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாட்டிலின் அடியைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தண்ணீர் பிடித்தார். பத்து மணிக்குச் சூட்டுப் பெட்டிக்குள் ஐந்து டியூப்கள் ஏறின.

அந்தப் பகலை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பதினொன்றரைக்குத் திறந்தேன். "சூடு போயிரும், மூடு" என்றார் பாக்கியமேரி. குழாய்களுக்குப் போய் வந்தேன். இம்முறை எதையும் அலம்பவில்லை. காவேரிப் பாலத்தைச் சைக்கிளில் காரணமில்லாமல் இரண்டு தரம் கடந்தேன். பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தால் திரும்பிப் போக வேண்டும் போலிருந்தது. திரும்பிப் போனால் பாலத்துக்கு வர வேண்டும் போலிருந்தது. பம்பு நிரபராதி, குற்றவாளி என் கைக்குட்டை. இது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பவுனம்மாளுக்கு அட்டை கிடைத்துவிடும். நான் இரண்டு நாள் தலைகுனிந்து நடந்தால் போதும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நான்கு டியூப்கள் மஞ்சள். நான்கிலும் குமிழி, மிளகளவு.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'அப்பாடா' என்று தோன்றியது. தப்பு என்னுடையது இல்லை! அந்த 'அப்பாடா' மூன்று விநாடி இருந்தது. நான்காவது விநாடியில் பவுனம்மாளின் கரண்டியில்லாத கை ஞாபகம் வந்தது. உட்கார முடியவில்லை.

"பம்புலதான் கோளாறு" என்றார் பாக்கியமேரி வந்து பார்த்துவிட்டு. "ஆனா அது நாப்பதடி ஆழம். அந்தச் சந்துல மத்த ரெண்டு பம்பும் நல்லா இருக்கு. இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"

"நான் கண்டுபுடிக்கறேன் மேடம்."

"அலம்பியா?"

அவர் கிண்டல் செய்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மெஸ்ஸின் கொல்லைப்புற வேலியோரம் போய் நின்றேன். பனி. சந்தில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பவுனம்மாள் ஈரப்புடவையோடு படித்துறையிலிருந்து வந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம். நேராகப் பம்பிடம் போனாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, கைப்பிடித் தண்டு இறங்கும் பம்பின் தலையில் ஊற்றினாள். பிறகு கைப்பிடியை அடித்தாள். பம்பு இரண்டு தரம் இருமியது. அப்புறம் தண்ணீர் கொட்டியது.

"என்னக்கா ஊத்துறீங்க?"

அவள் பயந்து, என்னை அடையாளம் கண்டு, அப்புறம் கோபித்துக்கொண்டாள். "காவேரி. வேற என்னத்த ஊத்துவாங்க? உள்ள தோல் வாசர் தேஞ்சு போச்சு தம்பி. ராத்திரி தண்ணி எறங்கிரும். காலைல ஒரு சொம்பு ஊத்தினாத்தான் வாய் திறக்கும். இதுகூடத் தெரியாம என்ன படிச்சீங்க?"

"எப்பவும் காவேரிதான் ஊத்துவீங்களா?"

"முன்னெல்லாம் வெந்நீர் ஊத்துவேன். ராத்திரி அடுப்புல மிஞ்சினத மூடி வச்சிருப்பேன். அந்த அம்மாசிப் பையன்தான், பச்சமலைப் பக்கத்துப் பையன், இப்ப ஆஸ்பத்திரில கிடக்குதுல்ல, அதுதான் சொல்லுச்சு. 'அக்கா, எதுக்கு வெறகக் கரியாக்கறீங்க, காவேரில கிருமி வாழவே வாழாது, எங்க காலேஜ்ல ஒருத்தர் சோதிச்சு நிரூபிச்சுட்டாரு'ன்னு. நோட்டுல எழுதின தாளக் கொண்டாந்து படிச்சுக் காட்டுச்சு. கட்டம் போட்டு, எத்தன பேரு குடிச்சாங்க, எத்தன பேரு செத்தாங்கன்னு எல்லாம் இருந்துச்சு. வெந்நீர் குடிக்கறவங்கள தீவுல கொண்டு விடணும்னு வேற எழுதியிருந்தாரு அந்தப் புண்ணியவான். நாங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"யாருக்கா எழுதினது?"

"பேரு ஏதோ புனைபேரு. பெரிய படிப்பாளியா இருக்கணும்."

அம்மாசி எனக்கு ஒரு வருஷம் இளையவன். எங்கள் பத்திரிகைக்கு அழகான கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தவன். அந்தக் கட்டுரையின் மூன்று பிரதிகளில் ஒன்று அவன் எழுதியது.

ஆடியில் ஓடிய ஆறு வேறு. மார்கழியில் படித்துறையோரம் தண்ணீர் முழங்காலளவுதான். அதில்தான் ஊரே குளிக்கிறது, துவைக்கிறது, பிறவும். அந்த ஒரு சொம்பு தினமும் நாற்பதடிக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சத்திரத்துக்குப் போய்ப் பாக்கியமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அட்டவணை போட்டியா?"

"போட்டேன்."

"அதான் நம்பிட்டாங்க."

அவர் திட்டியிருக்கலாம். பலசரக்குச் சீட்டு எழுதுவது போல எழுத ஆரம்பித்தார்: தோல் வாஷர் ஒன்று, பிளீச்சிங் பவுடர் இத்தனை, ஒரு பகல் முழுக்கப் பம்பில் நிற்க வேண்டும், பிறகு நாற்றம் போகும்வரை அடித்து வெளியேற்ற வேண்டும், அதன்பின் கடைசிப் பரிசோதனை. ஏகாதசிக்கு ஐந்து நாள். பரிசோதனைக்கே இரண்டு நாள் போய்விடும்.

"இதுலயும் குமிழி வந்தா?"

"அட்டை கிடையாது. இன்னொரு தரம் பாக்க நாள் இல்ல."

வாஷர் என் அத்தாவின் கடைக்கு அடுத்த கடையில் கிடைத்தது. காத்தான் பம்பைப் பிரித்து, பழைய வாஷரை எடுத்துக் காட்டினான். பழைய செருப்பின் நாக்கு மாதிரி இருந்தது. பவுடரைக் கரைத்து ஊற்றினோம். கொல்லைப்புறமே கண்ணைக் கரித்தது. மறுநாள் நானும் காத்தானும் மாறி மாறிக் கைப்பிடியை அடித்தோம். கையில் கொப்புளம் வந்தது. காத்தான் அதைப் பார்த்து, "ஏன் தம்பி, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" என்றான்.

"கடைசி வருஷத்துல வருது" என்றேன்.

பாக்கியமேரிதான் தண்ணீர் பிடித்தார். என்னைப் பாட்டிலைத் தொடவிடவில்லை. நான் கேட்கவுமில்லை.

டியூப்கள் பெட்டிக்குள் போன அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாசி எலும்பாக இருந்தான். தலையணையில் கொத்தாக முடி. காய்ச்சல் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வான் என்றார் நர்ஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அண்ணே, அடுத்த இதழ் எப்பண்ணே? கை நடுங்குது. பிரதி எடுக்க வேற யாரையாச்சும் பாத்துக்கறீங்களா?"

சொல்ல வேண்டியதை நாக்கின் நுனிவரை கொண்டு வந்தேன். "அம்மாசி, அந்தக் காவேரிக் கட்டுரை தப்புடா. நான் எழுதினது எல்லாமே தப்பு."

"தெரியும்ணே" என்றான். "சும்மா கிண்டலுக்குத்தானே எழுதினீங்க? ஆனா அக்கா அத உண்மைன்னு நம்பிருச்சு. சிரிச்சுக்கிட்டே நானும் கொஞ்சம் நம்பிட்டேன்."

மறுநாள் சூட்டுப் பெட்டியின் முன்னால் நான் மட்டும் இல்லை. பவுனம்மாள் காலையிலேயே வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பாக்கியமேரி எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

"ஊதாவாவே இருந்தா நல்லதுதானே தம்பி?"

"ஆமாக்கா."

"அந்தக் கடைசி டியூப் கொஞ்சம் வெளுத்த மாதிரி இல்ல?"

"வெளிச்சம்க்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நல்லாப் பார்த்தேன். அந்தக் கடைசி டியூப் உண்மையிலேயே வெளுத்த மாதிரிதான் இருந்தது. பாக்கியமேரி அதை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஊதா. பெட்டியில் வைத்ததும் மறுபடி வெளுத்தது. இருபத்துநான்கு மணி நேரம் முடிந்தபோது ஐந்தும் ஊதா. "இன்னொரு நாள் இருக்கு" என்றார் பாக்கியமேரி. அந்த இன்னொரு நாளில் பவுனம்மாள் ஏழு தரம் வந்து போனாள். நான் எத்தனை தரம் பெட்டியைத் திறந்தேன் என்று எண்ணவில்லை. திறந்த ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மூலையில் மிளகளவு ஒன்று மினுங்கியது. உற்றுப் பார்த்தால் அது கண்ணாடியின் பளபளப்பு.

நாற்பத்தெட்டு மணி நேரமும் முடிந்தது. ஐந்தும் ஊதா. குமிழி இல்லை. பாக்கியமேரி அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பவுனம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருங்கம்மா" என்றாள். ஏகாதசிக்கு ஒரே நாள் பாக்கி.

அட்டை பத்து நாளைக்குச் செல்லும். அதற்குள் யாரும் அந்தப் பம்பைப் பரிசோதிக்கத் தேவையில்லை. பாக்கியமேரியைப் படித்துறையில் போட்டிருந்த சுகாதாரப் பந்தலுக்கு மாற்றிவிட்டார்கள். என் வேலை முடிந்தது. கூலியைக் கையில் கொடுத்து, "போய் வா, பி.எஸ்சி." என்றார்கள்.

ஏகாதசியன்று காலை அத்தா கடையில் என்னை ஒரு பூட்டைத் துடைக்கச் சொன்னார். அதே பூட்டைக் கால் மணி நேரம் துடைத்தேன். வெளியூர்க் கூட்டம் இந்நேரம் மெஸ்ஸில் நிறைந்திருக்கும். எவராவது ஒரு புண்ணியவதி படித்துறையிலிருந்து வந்து, நல்ல மனசோடு, பம்பின் தலையில் ஒரு சொம்பு காவேரி ஊற்றிவிட்டால்? புது வாஷர்தான். தேவையே இல்லைதான். ஆனால் ஊற்றுவதற்குத் தேவையா காரணம்?

"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் அத்தா.

"இதோ வந்துட்டேன்."

பந்தலுக்குப் போய்ப் பாக்கியமேரியிடம் ஒரு சுத்தம் செய்த பாட்டில் கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டிலோடு பஞ்சும் ஸ்பிரிட்டும் இடுக்கியும் எடுத்துக் கொடுத்தார்.

மெஸ்ஸின் கொல்லைப்புறத்தில் கை கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் இருபது முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பவுனம்மாள் கரண்டியோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மறுபடியும் பூச்சியா?" என்று கத்தினாள். பன்னிரண்டு பையன்களில் ஒருவன், "டேய், சாதிக் பட்டராயிட்டான்டா!" என்றான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. காத்தான் ஐந்து நிமிஷம் கைப்பிடியை அடித்தான். பஞ்சை நனைத்துக் கொளுத்தினேன். பம்பின் வாயைச் சுற்றிக் காட்டினேன், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

முன்வரிசையில் ஒரு வெளியூர்க் கிழவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். கை எட்டவில்லை. இடுக்கியைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தேன். அவள் ஒற்றிக்கொண்டு நகரும்வரை காத்திருந்து, பாட்டிலின் மூடியைத் திறந்தேன். வாயைத் திறக்கவில்லை.